மாயையா, மூச்சா? பிரசங்கியின் 'ஹெவெல்' குறித்து ஒரு திறந்த மடல்

தமிழ் வேதாகமத்தின் திருத்தப் பணியிலும் விளக்கக் குறிப்புப் பணியிலும் ஈடுபட்டிருக்கும் மொழிபெயர்ப்பாளர்களுக்கும், இறையியல் கல்லூரிகளில் எபிரேயம் கற்பிக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும்,

கிறிஸ்துவுக்குள் அன்பான ஐயன்மீர், அம்மையீர்,

பிரசங்கி புத்தகத்தைத் திறந்தவுடன் நம்மை எதிர்கொள்ளும் வாக்கியம் 'மாயை மாயை, எல்லாம் மாயை' என்பது. ஹென்றி பவர் ஐயரின் தலைமையில் உருவாகி 1871-ல் முழுமையாக வெளிவந்த மொழிபெயர்ப்பின் வழியாக இந்த வாக்கியம் நம் சபைகளில் வேரூன்றியது. வேதாகமத்தை அதிகம் வாசிக்காதவர்கூட இதை மனப்பாடமாகச் சொல்லுவார். அடக்க ஆராதனைகளிலும், உபவாசக் கூட்டங்களிலும், உலகப்பற்றைக் கண்டிக்கும் பிரசங்கங்களிலும் இதுவே முதலில் நாவில் வருகிறது. இவ்வளவு ஆழமாகப் பதிந்துவிட்ட ஒரு சொல்லைப் பற்றி விண்ணப்பம் செய்வது எளிதல்ல என்று அறிந்தே இந்த மடலை எழுதுகிறேன். 'மாயை' என்னும் சொல்லுக்கு அடியில் உள்ள எபிரேயச் சொல் 'ஹெவெல்'. அது சொல்லும் காரியத்தையும் 'மாயை' சொல்லும் காரியத்தையும் ஒன்றென்று நம் ஜனங்கள் நினைத்துக்கொள்ளும்படி நாம் விட்டுவிட்டோம் என்பதே என் கவலை. அதைச் சரிசெய்ய உங்களால் முடியும் என்பதே என் நம்பிக்கை.

ஹே, பேத், லாமேத் என்னும் மூன்றே எழுத்துகளால் ஆன அந்தச் சொல்லின் நேர்ப்பொருள் மூச்சு. வாயிலிருந்து வெளிப்படும் ஆவி. எழும்பிக் கலைந்துபோகும் புகை. உச்சரிக்கும்போதே ஒரு சிறு மூச்சை வெளியே விடவேண்டிய சொல் அது. ஏசாயா 57:13-ல் விக்கிரகங்களைக் காற்று வாரிக்கொண்டுபோகும், 'ஹெவெல்' அவற்றை எடுத்துக்கொண்டுபோகும் என்று இரண்டும் இணையாக வருகின்றன. அங்கே அது ஊதினால் வரும் காற்றைத் தவிர வேறொன்றுமல்ல. நீதிமொழிகள் 21:6, பொய்நாவினால் சேர்த்த பொருளை அலைக்கழிக்கப்படும் 'ஹெவெல்' என்கிறது. காற்றில் கலையும் ஆவியே அங்கும் கண்முன் நிற்கிறது. எபிரேய வேதத்தில் 70-க்கும் மேற்பட்ட இடங்களில் வரும் இந்தச் சொல்லில் சரிபாதிக்கு மேல், அதாவது 38 முறை, பிரசங்கி என்னும் அந்தச் சிறு புத்தகத்திலேயே இருக்கிறது. அதன் 1:2-லும் 12:8-லும் ஏறத்தாழ ஒரே வாக்கியம் வந்து, முழு நூலையும் இருபுறமும் நின்று தாங்குகிறது. 'ஹவெல் ஹவாலிம்' என்ற அந்தத் தொடர் வெறும் அடுக்குத்தொடரும் அல்ல. 'ஷீர் ஹஷ்ஷீரிம்' என்பது பாட்டுகளிலெல்லாம் மேலான பாட்டு, அதாவது நமது உன்னதப்பாட்டு, என்று பொருள்படுவதைப் போல, 'ஹவெல் ஹவாலிம்' என்றால் மூச்சுகளிலெல்லாம் மெல்லிய மூச்சு. 'மாயை மாயை' என்ற இரட்டிப்பில் ஓசை அழகாக நிற்கிறது. அந்த உச்சநிலை நிற்கவில்லை. 1995-ல் வெளிவந்த திருவிவிலியம் 'முற்றிலும் வீண்' என்று எழுதி அந்த உச்சநிலையைக் காப்பாற்றியது. ஆனால் 'வீண்' என்பது ஒரு தீர்ப்பு. கண்ணுக்கும் நாசிக்கும் தெரிகிற மூச்சு அதிலும் இல்லாமற்போயிற்று.

இது நுணுக்கம் தேடுவோரின் தர்க்கம் அல்ல என்பதற்குச் சங்கீதம் 62:9 ஒன்றே போதும். 'தராசிலே வைக்கப்பட்டால் அவர்கள் எல்லாரும் மாயையிலும் லேசானவர்கள்' என்று நாம் வாசிக்கிறோம். மாயைக்கு எடை ஏது? தராசில் வைத்து எதை எதனோடு ஒப்பிடுவது? எபிரேயத்தில் அந்த உவமை தெளிவாக இருக்கிறது: மேன்மக்களையும் கீழ்மக்களையும் சேர்த்து ஒரு தட்டில் வைத்து, மறுதட்டில் ஒரே ஒரு மூச்சை வைத்தால், மூச்சு இருக்கும் தட்டே தாழும். அதே போல 'மனுஷன் மாயைக்கு ஒப்பாயிருக்கிறான். அவன் நாட்கள் கடந்துபோகிற நிழலுக்குச் சமானம்' என்கிற சங்கீதம் 144:4-ல், பின்பாதி மனிதனின் நாட்களை நிழல் என்கிறது. நிழல் பொய் அல்ல. மரம் இருப்பதால்தான் நிழல் இருக்கிறது. அது நிற்காமல் நகர்கிறது என்பதே சங்கீதக்காரனின் துக்கம். முன்பாதியும் அதே துக்கத்தைத்தான் சொல்லுகிறது.

இந்தப் பொருள்மாற்றம் தமிழில் தொடங்கியதல்ல என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். எபிரேய வேதத்தின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்து, 'ஹெவெல்' என்பதைப் பயனற்ற தன்மை என்று பொருள்படும் 'மத்தயோதேஸ்' என்னும் சொல்லால் பெயர்த்தது. பின்னர் வந்த கிரேக்க மொழிபெயர்ப்பாளரான ஆக்கீலா, இரண்டாம் நூற்றாண்டில், அதை விட்டுவிட்டு ஆவி, புகை என்று பொருள்படும் 'அத்மிஸ்' என்ற சொல்லுக்குத் திரும்பினார். சுமார் 388-ல் பெத்லகேமில் இருந்தபடி பிரசங்கிக்கு விளக்கவுரை எழுதிய, வேதத்தை லத்தீனில் பெயர்த்த எரோனிமு இதை நன்கு அறிந்திருந்தார். செப்துவஜிந்தைத் தவிர மற்றவர்கள் எல்லாரும் அந்தச் சொல்லைப் புகையின் ஆவி, விரைவில் கரைந்துபோகும் மெல்லிய காற்று என்ற பொருளிலேயே பெயர்த்திருக்கிறார்கள் என்று அவரே எழுதிவைத்திருக்கிறார். அறிந்திருந்தும் அவர் லத்தீனில் 'வானித்தாஸ்', அதாவது வெறுமை, என்ற சொல்லையே நிலைநாட்டினார். ரோமில் பிளெசில்லா என்ற இளம்பெண்ணுக்கு இந்தப் புத்தகத்தை அவர் கற்பித்தது, இவ்வுலகை அவள் வெறுத்து ஒதுக்கவேண்டும் என்பதற்காகவே என்று அந்த விளக்கவுரையின் முகவுரை சொல்லுகிறது. உலகத்தை வெறுக்கச் சொல்லும் நூல் என்ற பெயர் பிரசங்கிக்கு அப்போதிருந்தே ஒட்டிக்கொண்டது. ஆங்கிலமும் ஜெர்மனும் அதே தடத்தில் நடந்தன. அந்தத் தடத்தில் வந்த நம் முன்னோடிகள் தமிழில் தேடியபோது 'மாயை' கிடைத்திருக்கிறது. அவர்களின் உழைப்பைக் குறை சொல்லும் தகுதி எனக்கில்லை.

ஆயினும், மற்ற மொழிகளில் நேராத ஒன்று தமிழில் நேர்ந்தது. லத்தீனின் 'வானித்தாஸ்' ஒரு தத்துவ அமைப்பின் பெயர் அல்ல, 'மாயை' அப்படிப்பட்டது. நம் மண்ணின் சமயச் சிந்தனையில் அது நூற்றாண்டுகளாக உரமேறிய கலைச்சொல். அத்வைதம் கேட்டவர்களுக்கு அது, மெய்ப்பொருளை மறைத்து இல்லாததை இருப்பதாகக் காட்டும் தோற்றம். சைவ சித்தாந்தத்திலோ ஆணவம், கன்மம், மாயை என்னும் மும்மலங்களுள் ஒன்று. அங்கே அது பொய்த்தோற்றம்கூட அல்ல, உயிர்களுக்கு உடலும் கருவிகளும் உலகமும் நுகர்வும் உண்டாவதற்கு முதற்காரணமாகிய உள்பொருள். இவ்விரண்டும் ஆழமான சிந்தனைகள். அவற்றுக்கு உரிய மரியாதையோடுதான் சொல்லுகிறேன், பிரசங்கி இவ்விரண்டில் எதையும் சொல்லவில்லை. ஆனால் நம் பேச்சு வழக்கில் 'எல்லாம் மாயை' என்றால் 'எதுவும் உண்மையில்லை' என்றே பொருள். தேவன் தாம் உண்டாக்கின எல்லாவற்றையும் பார்த்து மிகவும் நன்றாயிருந்தது என்று சொன்ன அதே வேதத்தில், அவர் உண்டாக்கினது பொய்த்தோற்றம் என்று மற்றொரு புத்தகம் போதிப்பதாக ஒரு விசுவாசி எடுத்துக்கொள்ள நேர்கிறது.

இதன் விளைவு எங்கே அதிகமாக உறுத்துகிறது என்றால், 8:14-ல். 'பூமியின்மேல் நடக்கிற வேறொரு மாயையான காரியமுமுண்டு' என்று தொடங்கி, துன்மார்க்கருக்கு வரவேண்டியது நீதிமான்களுக்கும், நீதிமான்களுக்கு வரவேண்டியது துன்மார்க்கருக்கும் வருகிறதே என்று பிரசங்கி அங்கே முறையிடுகிறான். நீதிமான் படுகிற பாடு மாயையா? அப்படியானால் அவன் அழவேண்டியதில்லை. நாமும் அவனுக்காக எழும்பவேண்டியதில்லை. பிரசங்கி சொல்லுவது அதற்கு நேர் எதிரானது. அந்த அநியாயம் உண்மையாகவே நடக்கிறது, நடக்கிறது என்பதால்தான் அறிவுக்குப் பிடிபடவில்லை. கையை மூடினால் விரலிடுக்கில் நழுவும் மூச்சைப் போல அதன் காரணம் நழுவுகிறது. 'ஒடுக்கப்பட்டவர்களின் கண்ணீரைக் கண்டேன், அவர்களைத் தேற்றுவாரில்லை' என்று 4:1-ல் எழுதியவன், அந்தக் கண்ணீரைத் தோற்றம் என்று தள்ளுகிறவன் அல்ல. துக்கவீட்டில் உட்கார்ந்திருக்கும் தாயிடம், போன பிள்ளையும் மாயை, இருந்த நாட்களும் மாயை என்ற தொனியில் நாம் பிரசங்கிக்கும்போது, வேதம் சொல்லாத ஒன்றை வேதத்தின் பெயரால் அவள்மேல் சுமத்துகிறோம். அந்த நாட்கள் இருந்தன. அவை குறுகியவை. இரண்டையும் ஒருமிக்கச் சொல்லும் சொல்தான் 'ஹெவெல்'.

இனி மகிழ்ச்சியைப் பற்றி. பிரசங்கி உலகை வெறுக்கச் சொல்லுகிறான் என்றால், புசித்துக் குடித்து, தன் பிரயாசத்தின் பலனை அநுபவிப்பது தேவனுடைய ஈவு என்று அவன் ஏன் இரண்டாம், மூன்றாம், ஐந்தாம், எட்டாம், ஒன்பதாம் அதிகாரங்களில் திரும்பத் திரும்பச் சொல்லவேண்டும்? 'இளவயதும் வாலிபமும் மாயையே' என்னும் 11:10-ஐ எத்தனையோ வாலிபர் கூட்டங்களில் எச்சரிப்பாகக் கேட்டிருக்கிறோம். அதற்கு முந்தின வசனமோ, வாலிபனே, உன் இளமையிலே சந்தோஷப்படு என்றும், இவையெல்லாவற்றினிமித்தமும் தேவன் உன்னை நியாயத்திலே கொண்டுவந்து நிறுத்துவார் என்று அறி என்றும் சொல்லுகிறது. இளமை பொய் என்றால் அதில் சந்தோஷப்படு என்ற கட்டளைக்கு அர்த்தமே இல்லை. இளமை ஒரு மூச்சு என்றால் அந்தக் கட்டளை அவசரமானதாகவே ஆகிவிடுகிறது.

9:9-ஐ நீங்கள் மறுபடியும் எபிரேயத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும்படி கேட்டுக்கொள்ளுகிறேன். மூலத்தில் அந்த ஒரே வசனத்தில் 'ஹெவெல்' இருமுறை வருகிறது. நம் பழைய மொழிபெயர்ப்பு ஓரிடத்தில் 'மாயையான நாட்களிலெல்லாம்' என்றும், மற்றோரிடத்தில் 'நிலையில்லாத இந்த ஜீவவாழ்வை அநுபவி' என்றும் எழுதியிருக்கிறது. நேசிக்கிற மனைவியோடு வாழும் வாழ்வை மாயை என்று இருமுறை சொல்ல அந்த மொழிபெயர்ப்பாளர்களுக்கு மனம் வரவில்லையோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. 'நிலையில்லாத' என்ற அந்தச் சொல்லில் அவர்கள் மூலத்துக்கு மிக அருகில் வந்திருந்தார்கள். நிலையாமை தமிழுக்குப் புதிய கருத்தும் அல்ல. திருக்குறளில் அதற்கென்றே ஓர் அதிகாரம் உண்டு. 'நெருநல் உளனொருவன் இன்றில்லை என்னும் பெருமை உடைத்துஇவ் வுலகு' என்பதை வாசிக்கும் எவரும் பிரசங்கியின் குரலை அதில் கேட்காமல் இருக்கமுடியாது. எனினும் ஒரு வேறுபாட்டைக் கவனிக்கவேண்டும். வள்ளுவர் அந்த அதிகாரத்தைத் துறவறவியலில் வைத்தார். அடுத்து வருவது துறவு. பிரசங்கியோ நிலையாமையைக் கண்டபின் பந்திக்கும், வேலைக்கும், மனைவியிடத்துக்கும் போகச் சொல்லுகிறான், தேவனுக்குப் பயந்திரு என்ற கட்டளையோடு.

யூத வழிபாட்டு வழக்கம் இதை நன்றாகப் புரிந்துகொண்டிருக்கிறது. அஷ்கெனாசி யூதர்கள், அதாவது மத்திய, கிழக்கு ஐரோப்பிய மரபைச் சேர்ந்த யூதர்கள், பிரசங்கியை வாசிப்பது துக்கநாளில் அல்ல. கூடாரப்பண்டிகையின் நடுவே வரும் ஓய்வுநாளில். 'நம் மகிழ்ச்சியின் காலம்' என்று அவர்களுடைய ஜெபங்கள் பெயரிட்டு அழைக்கும் பண்டிகை அது. உறுதியான வீட்டை விட்டு வெளியே வந்து, தழைகளால் வேய்ந்த தற்காலிகக் குடிலில் ஏழு நாட்கள் உண்டு மகிழும் அந்த வாரத்தில், எல்லாம் மூச்சு என்று சொல்லும் புத்தகத்தைக் கேட்கிறார்கள். இந்தப் புத்தகம் பரிசுத்த நூல்களில் சேர்ந்ததா இல்லையா என்று ஷம்மாய், ஹில்லேல் என்னும் பழைய யூத ஆசிரியர்களின் பள்ளிகள் வாதிட்டதை, யூதச் சட்ட மரபின் தொகுப்பான மிஷ்னா பதிவு செய்திருக்கிறது; அந்த வாதத்தைக் கடந்து பண்டிகையின் பந்திவரை அது வந்து சேர்ந்தது.

ரபீக்கள் என்னும் யூத வேத ஆசிரியர்களின் விளக்கவுரை இன்னும் உருக்கமான காரியங்களைச் சொல்லுகிறது. முதல் வாக்கியத்தில் ஒருமையை ஒன்றாகவும் பன்மையை இரண்டாகவும் எண்ணி, ஏழு 'ஹெவெல்'கள் இருப்பதாக அவர்கள் கண்டார்கள். ஏழு பானைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுப்பில் ஏற்றினால், எல்லாவற்றிற்கும் மேலே உள்ள பானையின் ஆவியில் என்ன இருக்கும், மனிதன் அவ்வளவுதான் என்கிறது பிரசங்கிக்கான பழைய மித்ராஷ், அதாவது ரபீக்களின் விளக்கவுரை. ஆனால் அதே சொல்லை அவர்கள் மற்றோரிடத்தில் எவ்வளவு உயரத்தில் வைத்தார்கள் என்று பாருங்கள். ரபீக்களின் விவாதத் தொகுப்பான பாபிலோனியத் தல்மூதின் சப்பாத்து என்னும் பகுதி, வேதம் படிக்கும் பள்ளிப் பிள்ளைகளின் வாயின் 'ஹெவெல்' நிமித்தமாகவே இந்த உலகம் நிலைத்திருக்கிறது என்கிறது. அப்படியானால் உம்முடைய மூச்சும் என்னுடைய மூச்சும் என்னவாயிற்று என்று ஒரு பெரியவர் மற்றவரைக் கேட்க, பாவம் கலந்த மூச்சு பாவமற்ற மூச்சுக்கு ஒப்பாகாது என்று பதில் வருகிறது. இந்த வாக்கியத்தில் 'மாயை'யைப் பொருத்திப் பாருங்கள். பிள்ளைகளின் வாயிலுள்ள மாயையால் உலகம் நிற்கிறது என்று ஆகிவிடும். ரபீக்களின் காதில் அந்தச் சொல் மூச்சாகவே ஒலித்தது.

நான் மிகவும் பொருட்படுத்தும் இடம் ஆதியாகமம் 4. ஆதாமுடைய இரண்டாம் குமாரனின் பெயர் எபிரேயத்தில் ஆபேல் அல்ல, ஹெவெல். எழுத்துக்கு எழுத்து பிரசங்கியின் சொல்லே. கிரேக்கத்தின் வழியாக வந்த 'ஆபேல்' என்னும் ஒலிவடிவத்தில் தமிழ் வாசகனுக்கு இது தெரிய வழியே இல்லை. காயீனுக்குப் பெயர் வைக்கும்போது ஏவாள் காரணம் சொல்லுகிறாள், பெற்றேன் என்கிறாள். இளையவனுக்குக் காரணம் எதுவும் சொல்லப்படவில்லை, சொல்லவேண்டிய தேவையும் இல்லை, ஏனெனில் எபிரேயம் அறிந்த எவருக்கும் அந்தப் பெயரிலேயே அவன் ஆயுசு தெரிந்துவிடுகிறது. அவன் ஒரு பலி செலுத்துகிறான், அது அங்கீகரிக்கப்படுகிறது, வயல்வெளியில் கொல்லப்படுகிறான். அவன் பேசிய வார்த்தை ஒன்றும் பதிவாகவில்லை. துன்மார்க்கனுக்கு வரவேண்டியது நீதிமானுக்கு வருகிறதே என்று பிரசங்கி 8:14-ல் 'ஹெவெல்' என்று கூப்பிடும்போது, முதல் நீதிமானின் பெயரையும் சேர்த்தே கூப்பிடுகிறான் என்பதை எபிரேயக் காதுகள் தவறவிட்டிருக்க முடியாது என்று நான் நம்புகிறேன். ஆபேலின் இரத்தம் பூமியிலிருந்து கூப்பிடுகிறது என்று கர்த்தர் சொன்னார். அவர் கேட்ட அந்தக் கூக்குரலை மாயை என்று எந்தப் பிரசங்கியாரும் சொல்லத் துணியார்.

மாற்றாக என்ன சொல் இருக்கிறது என்று நீங்கள் கேட்பீர்கள். நேர்ச்சொல் 'ஆவி', ஆனால் நம் வேதாகமம் அதை 'ரூவாக்' என்னும் மற்றொரு பெரும் சொல்லுக்குக் கொடுத்துவிட்டது, இனித் திரும்பப் பெறமுடியாது. 'நீராவி' பாடப்புத்தக வாசனை வீசுகிறது. 'புகை'க்கு நம் வேதாகமத்திலேயே ஆதாரம் உண்டு: யாக்கோபு 4:14, நம் ஜீவனைக் கொஞ்சக்காலம் தோன்றிப் பின்பு தோன்றாமற்போகிற புகை என்கிறது, அங்கே கிரேக்கத்தில் இருப்பது, ஆக்கீலா 'ஹெவெல்'லுக்கு எடுத்துக்கொண்ட அதே 'அத்மிஸ்'. என் மனம் சாய்வதோ 'மூச்சு' என்பதன் பக்கம். மூச்சு இருக்கிறதா என்று பார், மூச்சு விடாதே, மூச்சு நின்றுவிட்டது என்று பிறப்பு முதல் இறப்புவரை தமிழன் அந்தச் சொல்லோடுதான் புழங்குகிறான். 'மூச்சு, வெறும் மூச்சு, எல்லாம் மூச்சு' என்று வாசித்துப் பார்க்கையில், பழைய வாக்கியத்தின் தாளமும் கெடவில்லை. விக்கிரகங்களைக் குறிக்கும் இடங்களில் இது பொருந்தாது என்பதையும் ஒப்புக்கொள்ளுகிறேன். உபாகமம் 32:21-லும், எரேமியா 10-லும், யோனாவின் ஜெபத்திலும், பற்றிக்கொண்டால் கையில் ஒன்றும் தங்காத வெறுமையைத்தான் தீர்க்கதரிசிகள் சொல்லுகிறார்கள். அங்கே 'வீண்' என்பதே போதும். ஆனால் பிரசங்கியில் ஒரே சொல் 38 முறையும் ஒரே சொல்லாகவே ஒலிக்கவேண்டும், ஏனெனில் ஒவ்வொரு முறையும் அது வேறொரு காரியத்தின்மேல், பணத்தின்மேல், ஞானத்தின்மேல், அநியாயத்தின்மேல், இளமையின்மேல், வந்து படிவதுதான் அந்தப் புத்தகத்தின் போதனை முறை.

நெடுங்காலமாக ஜனங்களின் நாவில் இருக்கும் ஒரு வாக்கியத்தை ஆராதனை வாசிப்பிலிருந்து உடனே எடுத்துவிடும்படி நான் கேட்கவில்லை. கேட்பது இவ்வளவே. அடுத்த பதிப்பில் பிரசங்கி 1:2-க்கு அடிக்குறிப்பாக, 'எபிரேயத்தில்: மூச்சு அல்லது புகை; பொய்த்தோற்றம் என்று பொருளல்ல' என்று அச்சிடுங்கள். ஆதியாகமம் 4:2-ல் ஆபேலின் பெயருக்குக் கீழே, பிரசங்கியில் வரும் சொல்லும் இதுவே என்று ஒரு வரி சேருங்கள். 1:14-ல் 'மனதுக்குச் சஞ்சலம்' என்றிருக்கும் தொடர் எபிரேயத்தில் காற்றைத் துரத்துவது அல்லது காற்றை மேய்ப்பது என்று பொருள்படும் என்பதையும் அங்கேயே காட்டுங்கள்; மூச்சும் காற்றும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதை வாசகன் அப்போதுதான் காண்பான். புதிதாக மொழிபெயர்க்கிறவர்கள் 9:9-ல் நம் முன்னோர் கண்டெடுத்த 'நிலையில்லாத' என்ற சொல்லிலிருந்தாவது தொடங்குங்கள். எபிரேயம் கற்பிக்கும் ஆசிரியர்களே, உங்கள் மாணவர்கள் ஊழியத்துக்குப் போய் முதல் அடக்க ஆராதனையை நடத்துவதற்கு முன்பு, சங்கீதம் 62:9-ஐயும் பிரசங்கி 8:14-ஐயும் 9:9-ஐயும் மூலத்தில் ஒருமுறை அவர்களோடு உட்கார்ந்து வாசியுங்கள்.

மிகுந்த மரியாதையோடும் ஜெபத்தோடும்,
பிரசங்கியை நேசிக்கும் ஒரு சபை உறுப்பினர்